கேட்டில் இருக்கிறேன்

காலை ஆறே முக்காலுக்கு உங்கள் கை தானாகவே போனை எடுக்கும். ஏழு மணிக்கு லைன் ஓட வேண்டும். பதினாலு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பதினோரு பேர்தான் நிற்கிறார்கள். முந்தைய ஷிஃப்ட் ஆட்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். என்ன செய்வீர்கள்? வராதவர்களைக் கூப்பிடுவீர்கள். நானும் கூப்பிட்டேன். பல வருடம் கூப்பிட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கிளம்பி வந்து, புனே பக்கத்து ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகப்போகிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். தமிழிலேயே எழுதலாம் என்றும் சொன்னார்கள். மெஷின் பழுதானால் என்ன செய்வது, மேலதிகாரி கத்தினால் எப்படி நிற்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் இரண்டு போன் அழைப்புகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டையும் செய்தவன் நான். இரண்டுக்கும் நடுவில் ஆறு வருட இடைவெளி இருந்தது. அந்த ஆறு வருடத்தில் நான் பாடம் கற்றுக்கொண்டுவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். மராத்தியில் ‘கேட்வர்’ என்றால் ‘கேட்டில்’. வந்து சேராத ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு “குடே ஆஹேஸ்?”, எங்கே இருக்கே, என்று கேட்டால் வருகிற ஒரே பதில் அதுதான். “கேட்வர் ஆஹே, சர்!” வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவனும் கேட்டில்தான் இருப்பான். வழியில் ஷிக்ராபூரில் நின்று டீ குடிப்பவனும் கேட்டில்தான் இருப்பான். நான் வேலைக்கு வந்த புதிதில் மராத்தி தெரியாது. அது என் காதில் ‘கேட்டவர், கேட்டவர்’ என்றே விழும். யார் கேட்டவர், என்ன கேட்டார் என்று விழித்திருக்கிறேன்.

கைலாஸ் என்று ஒரு ஆப்பரேட்டர். ஷிரூர் பக்கத்து கிராமத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவான். மோட்டார் சைக்கிள் பிரேக்குக்கான பாகங்களைத்தான் எங்கள் லைனில் செய்தோம். அதில் ஒரு பிரெஸ் மெஷினை அவனைப்போல் யாராலும் செட் செய்ய முடியாது. அதனால் அவன் லேட்டாக வந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நானே போய்த் தொழிற்சாலை கேட்டில் நின்றுகொண்டு போன் செய்தேன்.

“குடே ஆஹேஸ்?”

“கேட்வர், சர்!”

“அப்படியா? நானும் கேட்லதான் நிக்கறேன். நீ எந்த கேட்ல நிக்கறே?”

ஒரு விநாடிதான் யோசித்தான். “ரேல்வே கேட்வர், சர்!”

ரஞ்சன்காவில் ரயிலே கிடையாது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் கோபம் போய்விட்டது. அன்று வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். என் பெண் நித்யா அப்போது பதினோராம் வகுப்பு. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அதிலிருந்து எங்கள் வீட்டில் முடியாத வேலைக்கெல்லாம் அதுதான் பெயர். “ஹோம்வொர்க் முடிச்சியா?” என்று கேட்டால் “ரேல்வே கேட், பப்பா!” “சாம்பார் ஆயிடுச்சா?” என்று நான் கேட்டால் என் மனைவி சுமதியும் “ரேல்வே கேட்!” என்பாள்.

எனக்கு எதிர் ஷிஃப்டில் ஓர் இன்சார்ஜ் இருந்தார். பெயர் வேண்டாம். என்னைவிட நாலு வயது சின்னவர், உள்ளூர்க்காரர். ஆறரை ஆனதும் தன் போனை டிராயரில் வைத்து மூடிவிடுவார். ஆள் குறைந்தால் குறைந்த ஆளோடு லைனைத் தொடங்குவார், இல்லையென்றால் தானே ஒரு மெஷினில் போய் நிற்பார். மாதாந்திரக் கூட்டத்தில் அவருடைய உற்பத்தி எப்போதும் என்னுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், திட்டும் வாங்குவார். நான் அவரைச் சோம்பேறி என்று நினைத்தேன். ஒரு தடவை டீ இடைவேளையில் கிண்டலாகவே கேட்டேன், “போன் பண்ண விரல் வலிக்குதா?” என்று.

அவர் டம்ளரிலிருந்து வாயை எடுக்காமல் சொன்னார்: “ஜோ ரஸ்த்யாவர் ஆஹே, த்யாலா ரஸ்தா பாஹூ தே.” ரோட்டில் இருக்கிறவனை ரோட்டைப் பார்க்க விடு. அவ்வளவுதான். அதை நான் வேலையைத் தட்டிக்கழிக்கிறவர் சொல்லும் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் கம்பெனி பஸ்ஸில் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

அந்த வருடமே டிசம்பரில் ஒரு நாள், வெளியிலிருந்து வாடிக்கையாளர் ஆட்கள் லைனைப் பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். ஏழு மணிக்கு லைன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கைலாஸ் வரவில்லை. ஆறு நாற்பதுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆறு நாற்பத்து நாலு, எடுக்கவில்லை. ஆறு நாற்பத்தேழு. நாலாவது தடவை எடுத்தான்.

“கேட்வர் சர், கேட்வர்!”

போனில் காற்று அடித்தது. கேட்டில் நிற்கிறவன் போனில் காற்று அடிக்காது. இதை நீங்கள் எங்கும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு மாதத்தில் உங்கள் காது தானே பழகிவிடும். எனக்கு அன்று நன்றாகவே தெரிந்தது, அவன் வண்டியில் இருக்கிறான், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று. அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. போனை வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

“பொய் சொல்லாதே. கஸ்டமர் ஆட்கள் வந்துட்டாங்க. லவகர் யே!” என்றேன். சீக்கிரம் வா.

“ஹோ சர், ஹோ,” என்று சிரித்தான். சரி சார், சரி.

கரும்பு வெட்டும் காலம் அது. ஒரே டிராக்டர் பின்னால் இரண்டு டிரெய்லர், அதற்கு மேல் மலைபோலக் கரும்பு, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இருக்காது. பனியும் இருந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த இரண்டு பேர் எங்கள் ஆட்கள்தான். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூன்று தடவை போன் அடித்தபோதும் அவன் எடுக்காமல்தான் வந்தானாம். நாலாவது தடவை வண்டியை மெதுவாக்கி, ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டானாம். பிறகு திடீரென்று வேகம் கூட்டி, முன்னால் போன கரும்பு டிரெய்லரில் மோதினானாம்.

அவனுடைய ஹெல்மெட்டுக்குள் போன் நுழையாது. அவன் ஏன் அதைக் கழற்றினான் என்பதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

பிழைத்துக்கொண்டான். தாடை உடைந்தது, முன் பற்கள் போயின, இடது கண்ணில் பார்வை பாதிக்குமேல் போய்விட்டது. அன்று மதியம் மருத்துவமனை வராந்தாவில் அவன் மனைவி ஒரு நெகிழிப் பையில் அவனுடைய செருப்பை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள், “கோணாசா ஃபோன் ஹோதா, சர்?” யாருடைய போன் அது?

“மாஹித் நாஹி,” என்றேன். தெரியாது.

விபத்து அறிக்கை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஹெல்மெட் அணியாமை, வண்டி ஓட்டும்போது போன் பேசியது’ என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யாரோடு பேசினான் என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்துக் கைலாஸ் திரும்பி வந்தான். பிரெஸ் மெஷினில் இனி நிற்க முடியாது என்று அவனைப் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். வந்த முதல் நாள் நேராக என் மேஜைக்கு வந்தான். வாய் முழுதாகத் திறக்காமல், “சாரி, சர். த்யா திவஷீ லேட் ஜாலோ,” என்றான். அன்னிக்கு லேட் ஆயிடுச்சு. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

அந்த வாரமே என் ஷிஃப்டில் புது விதி கொண்டுவந்து போர்டில் எழுதிப் போட்டேன். ஆறரைக்கு மேல் வழியில் இருக்கும் யாரையும் கூப்பிடக் கூடாது. தெரியாமல் கூப்பிட்டு, அவன் எடுத்து ‘கேட்வர்’ என்று சொன்னால், அந்தச் சொல் முடிவதற்குள் வைத்துவிட வேண்டும். அவன் நிஜமாகவே கேட்டில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்பான். இல்லையென்றால் வண்டியில் இருக்கிறான். இரண்டில் எதுவானாலும் நீங்கள் பேச வேண்டியது எதுவும் இல்லை. மற்ற ஷிஃப்டுகளும் அதை எடுத்துக்கொண்டன. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எதிர் ஷிஃப்ட் இன்சார்ஜ் கை தட்டினார். இது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் கேடயம் புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது.

தொழிற்சாலையில் ஆறரைக்குப் போனை டிராயரில் வைக்கக் கற்றுக்கொண்ட எனக்கு வீட்டில் அப்படி ஒரு டிராயர் இல்லாமல் போனது. நித்யா படிப்பை முடித்து ஹிஞ்சவடியில் ஒரு ஐடி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்கூட்டர் வேண்டாம், கியர் வண்டிதான் வேண்டும் என்றாள். புனேயில் பெண்கள் வண்டி ஓட்டுவது ஒரு பெரிய விஷயமே இல்லை, முகம் முழுக்க ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு கண் மட்டும் தெரியப் போவார்கள். நான் மறுக்கவில்லை. முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட் வாங்கினேன். ஒவ்வொரு நாளும் கீழே பார்க்கிங்குக்கு இறங்கிப் போய், ஹெல்மெட்டின் கிளிப் ‘டக்’ என்று மாட்டுகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மேலே வருவேன். முதல் மழையில் ரோட்டில் எண்ணெய் மிதக்கும், மூடி போட்ட குழிமேல் பிரேக் பிடிக்காதே, பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையாதே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆகுர்டி வரை கூட்டிப்போய்க் காட்டினேன்.

“பப்பா, தும்ஹி ஹே ஃபேக்டரி சமஜ்தா கா? இது வீடு!” என்று கத்துவாள். இதை ஃபேக்டரின்னு நெனச்சீங்களா என்கிறாள். அவளுடைய தமிழ் அப்படித்தான், பாதியில் மராத்தி புகுந்துவிடும்.

இவ்வளவும் செய்த நான், அவள் கிளம்பிய பிறகு கூப்பிடுவேன். சேர்ந்துவிட்டாளா என்று கூப்பிடுவேன். சாயங்காலம் கிளம்பிவிட்டாளா என்று கூப்பிடுவேன். கிளம்பிவிட்டாள் என்று தெரிந்த பிறகும் கூப்பிடுவேன். எடுக்கவில்லை என்றால் மறுபடி, அதற்கும் எடுக்கவில்லை என்றால் மறுபடி. ஒரு தடவை ஐந்து முறை எடுக்காததால் அவளுடைய டீம் லீடுக்கே போன் செய்துவிட்டேன். அவள் அப்போது பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றிருந்தாள். அடுத்த நாள் ஆபீஸில் எல்லோரும் அவளை ‘பப்பா கி பரீ’, அப்பா செல்லம், என்று கேலி செய்தார்களாம். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதற்கு அப்புறம் அவள் எடுக்க ஆரம்பித்தாள். ஸ்கார்ஃபுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொள்ள முடியும் என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். அவள் எடுத்ததும் எனக்கு நிம்மதியாக இருக்கும். எப்படி எடுக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் மாதம். சாயங்காலம் நாலு மணியிலிருந்து மழை. ஆறு மணிக்குக் கிளம்புகிறேன் என்று செய்தி போட்டிருந்தாள். வழக்கமாக ஆறே முக்காலுக்கு வந்துவிடுவாள். ஆறு ஐம்பது. நான் பால்கனியில் நின்றேன். எங்கள் பால்கனியிலிருந்து சொசைட்டி கேட், அபார்ட்மென்ட் வாசல், தெரியும்.

“மழை பெய்யுதில்ல, மெதுவா வருவா. ரோட்ல இருப்பா, விடுங்க,” என்றாள் சுமதி.

“ஒரே ஒரு தடவ.”

“இதத்தான் ஃபேக்டரில பண்ணக்கூடாதுன்னு போர்டு எழுதினீங்க.”

“அது வேற.”

கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை, இரண்டாவது எடுக்கவில்லை, மூன்றாவதும் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாள்.

“கேட்ல இருக்கேன், பப்பா!”

கீழே பார்த்தேன். கேட்டில் வாட்ச்மேனும் அவருடைய குடையும்தான். போனில் காற்று அடித்தது. பல வருடமாகக் கேட்ட அதே காற்று. எனக்குத் தெரியும். உங்களில் யாரைவிடவும், இந்த ஊரில் யாரைவிடவும் எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அந்தச் சொல் முடிவதற்குள் வைக்க வேண்டும் என்று எழுதிப் போட்டவன் நான். வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பால்கனியில் நின்றிருந்தால் அவள் வந்திருப்பாள்.

“எந்த கேட்டு? நான் பால்கனிலதான் நிக்கறேன்,” என்றேன்.

அவள் சிரித்தாள். மழை ஹெல்மெட்டில் விழுகிற சத்தத்துக்கு நடுவில் அந்தச் சிரிப்பு தெளிவாகக் கேட்டது.

“ரேல்வே கேட்வர், சர்!”

நானும் சிரித்தேன். நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஏதோ இழுபடுவது போல ஒரு சத்தம், பிறகு ஒரு நீளமான ஹார்ன், பிறகு மழை. போன் துண்டிக்கப்படவில்லை. நான் “நித்யா, நித்யா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் குரல். “ஹலோ? ஹீ தும்சி முல்கீ கா?” இது உங்க பொண்ணா? டாங்கே சவுக் என்ற நாற்சந்திக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறவர், தெறித்து விழுந்த போனை எடுத்துப் பேசினார். அவர் முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். பேச்சு வருகிறதா, மூச்சு விடுகிறாளா என்று கேட்டேன். முனகுகிறாள், கண் திறந்திருக்கிறது என்றார். பின்னால் ஆண்கள் கத்துவது கேட்டது: தூக்கு, உட்கார வை, ஹெல்மெட்டைக் கழற்று, தண்ணி கொடு.

இந்த இடத்தில் மட்டும் என் வேலை எனக்குக் கை கொடுத்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “தாயி, ஹெல்மெட் காடூ நகா, கழட்டாதீங்க. யாரையும் தொட விடாதீங்க. தண்ணி வேண்டாம். தூக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நூற்றியெட்டைக் கூப்பிடச் சொல்லுங்க,” என்று பாதி மராத்தியிலும் பாதி எதிலோவும் சொன்னேன். அந்தப் பெண் அங்கிருந்தவர்களைப் பார்த்து, “கோணீ ஹாத் லாவூ நகா ரே!” என்று போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. யாரும் கை வைக்காதீங்கடா. ஆம்புலன்ஸ் வரும்வரை சோள வண்டியின் பெரிய குடையைப் பிடுங்கி வந்து அவள்மேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டியில் கரி நனைந்து கிடந்தது.

ஹெல்மெட்டின் கிளிப் மாட்டியிருந்ததால் தலை தப்பியது. இடது தோளில் விழுந்திருந்தாள். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் வேரோடு இழுபட்டுவிட்டன என்று டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். இரண்டு அறுவை சிகிச்சைகள் நடந்தன. இப்போது முழங்கை கொஞ்சம் மடங்குகிறது. விரல்கள் அசைவதில்லை. தோளிலிருந்து ஒரு பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறாள். அவளைத் தினமும் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால் நான் விருப்ப ஓய்வு வாங்கினேன். கேடயத்தை யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்துப் பரணில் போட்டேன்.

சுமதி ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான்தான் ஒரு நாள் தாங்க முடியாமல், “நான் கூப்பிட்டதாலதானே?” என்று கேட்டேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை.

“நீங்க கூப்பிட்டா என்ன, அவ எடுக்காம வந்திருக்கலாம். எடுக்கலன்னா நீங்க இங்க துடிப்பீங்கன்னு அவளுக்குத் தெரியும். அதான் எடுத்தா,” என்றாள்.

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு பல நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். வண்டியில் போகிறவன் போனை எடுப்பது திமிரால் அல்ல. கைலாஸ் என்னைப் பார்த்துப் பயந்து எடுத்தான். நித்யா என்மேல் இரக்கப்பட்டு எடுத்தாள். மூன்று தடவை எடுக்காமல் இருந்த இருவரையும் நாலாவது தடவை எடுக்க வைத்தவன் நான். ஹெல்மெட் போடு, மெதுவாகப் போ என்று அவனிடம் ஆயிரம் தடவை சொல்லலாம். அவன் ரோட்டில் இருக்கும்போது நம் கையில் இருக்கிற பாதுகாப்பு ஒன்றுதான்: அவனைக் கூப்பிடாமல் இருப்பது. அதைச் செய்வது கஷ்டம். லைன் நிற்கும், மேலே இருப்பவர் கேள்வி கேட்பார். அந்தக் கஷ்டத்தை அவன் தலையில் இறக்கி வைக்காதீர்கள். அதற்குத்தான் உங்களை இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள்.

ஓய்வு பெறும் நாளில் பாதுகாப்புப் பிரிவில் போய்க் கைலாஸின் பழைய அறிக்கையை எடுக்கச் சொல்லி, விட்டுப்போன வரியை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு பேக்கிங்குக்குப் போய் அவனை வெளியே கூப்பிட்டேன். அன்று உன்னைக் கூப்பிட்டது நான்தான், வேகமாக வா என்று சொன்னதும் நான்தான், உன் மனைவியிடம் தெரியாது என்று பொய் சொன்னேன் என்றேன்.

அவன் தலையைத் திருப்பி நல்ல கண்ணால் என்னைப் பார்த்தான்.

“மாஹித் ஆஹே, சர்,” என்றான். தெரியும். “மாஜ்யாச் கானாத் ஹோதா நா ஃபோன்.” என் காதுலதானே இருந்தது போன்.

பிறகு, “நித்யா எப்படி இருக்கா?” என்று கேட்டான். அவனுக்கு அவளைத் தெரியாது. பெயரை யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறான்.

போன வாரம் நித்யா ஒன்று சொன்னாள். இனி பயிற்சிக்கு நான் கூட வர வேண்டாமாம், பஸ்ஸில் தனியாகப் போய்வருவாளாம். “போன் நகோ, பப்பா. நீங்க பண்ண வேண்டாம், நான்தான் பண்ணுவேன். ஓகே?” என்றாள். சரி என்றேன். அவள் லிஃப்டில் இறங்கியதும் போனைச் சுமதியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு எனக்குக் காபி போட்டாள். நான் பால்கனிக்குப் போனேன்.

ஐந்து மணிக்கு வர வேண்டும். ஐந்தே காலுக்கு வரவில்லை. ஐந்தரைக்கும் வரவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் என்னென்ன பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இரண்டு தடவை சமையலறைவரை போனேன். இரண்டு தடவையும் சுமதி அரிசி டப்பா முன்னால் நின்றுகொண்டாள்.

ஐந்து நாற்பதுக்குப் போன் அடித்தது. சுமதி எடுத்துவந்து என் காதில் வைத்தாள்.

“பப்பா, கேட்ல இருக்கேன்.”

அதில் காற்று இல்லை. கீழே பார்த்தேன். சொசைட்டி கேட்டுக்கு உள்ளே, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில், பட்டையில் தொங்கும் இடது கையும் வலது கையில் போனுமாக நிமிர்ந்து பால்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் போனைத் துண்டித்துப் பைக்குள் போட்டாள். அப்போதுதான் கையசைக்க அவளுக்கு ஒரு கை கிடைத்தது. அசைத்தாள்.